காதல் வருகிறது, காமம் வருவதில்லை: நான் அசெக்சுவலா இல்லையா?

மழைக்காகிதம் எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 31. யார் மீதும் எனக்கு உடல் சார்ந்த இச்சை வந்ததில்லை என்பது கல்லூரி நாட்களிலேயே புரிந்துவிட்டது. அதற்கு அசெக்சுவல் என்று ஒரு பெயர் இருப்பது ஐந்து வருடம் முன்புதான் தெரிந்தது. தெரிந்த அன்று ராத்திரி அழுதேன், நிம்மதியில்.

இப்போது இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். ஏதோ பிடித்திருக்கிறது என்கிற அளவில் இல்லை, நன்றாகவே காதல். அவர் பேசும்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டே பேசுவார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, அப்புறம் இரண்டு கையும் ஒரே அளவில் இல்லை என்று பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிப்பார். அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாலும் இருப்பேன். அவர் தோளில் சாய்ந்து தூங்கப் பிடிக்கும். முத்தமும் பிடிக்கும். அதற்கு மேல் போனால் மட்டும் மனசு அங்கே நிற்பதில்லை. அருவருப்பு கிடையாது, பயமும் கிடையாது. எனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்பது மாதிரி இருக்கும், சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

நெருங்கிய தோழியிடம் சொன்னேன். "காதல்தான் இருக்கே, அப்ப நீ அதெல்லாம் கிடையாது, போகப் போகச் சரியாயிடும்" என்றாள். அவளுக்கு இதைப் பற்றித் தெரியாது, விட்டுவிட்டேன். ஆனால் தன்னை அசெக்சுவல் என்று சொல்லிக்கொள்கிற ஒருவரே "காதலிக்கிறவர்கள் எங்களோடு சேர்த்தி இல்லை" என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து வருடமாக எனக்கு என்று இருந்த ஒரே ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது.

உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இலக்கணம் வேண்டாம், வாழ்க்கை வேண்டும்.

நிழல்குடை எழுதியது:

நீங்கள் யார் என்று தீர்ப்புச் சொல்ல அந்த நபருக்கு எந்த உரிமையும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இலக்கணம் வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது உதவியது.

அசெக்சுவல் என்ற சொல் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: பிறர் மீது பாலியல் ஈர்ப்பு வருவதில்லை, அல்லது மிக அபூர்வமாக வருகிறது. காதல் வருமா, கட்டிப்பிடிக்கப் பிடிக்குமா, குழந்தை வேண்டுமா, தனியாக வாழ விருப்பமா என்பதைப் பற்றியெல்லாம் அது வாயே திறப்பதில்லை. நாம் "ஈர்ப்பு" என்று ஒரே மூச்சில் சொல்வதற்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும், வெறும் அழகுக்காக. ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மடியில் தலைவைக்க வேண்டும் என்று தோன்றும், அதோடு முடிந்துவிடும். ஒருவரோடு சேர்ந்தே இருக்க வேண்டும், அவருடைய நாளில் நான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று ஏங்குவது வேறு. உடலுறவு கொள்ள வேண்டும் என்று தோன்றுவது இன்னொன்று. பலருக்கு இவையெல்லாம் ஒரே ஆள் மீது ஒன்றாகச் சேர்ந்து வருவதால் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அவை தனித்தனியாக வருவதால் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் 2003-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. காதலும் பாலியல் விருப்பமும் அடிப்படையில் வெவ்வேறு இயக்கங்கள், ஒன்று இல்லாமலே மற்றொன்று வரலாம் என்பதுதான் அதன் வாதம். அவர் அசெக்சுவல் மக்களை மனதில் வைத்து எழுதவில்லை, ஆனால் படித்தபோது எனக்காக எழுதியது போல இருந்தது. அதற்கு முன்பு 1980-லேயே மைக்கேல் ஸ்டார்ம்ஸ் என்பவர், ஆண் மீதான ஈர்ப்பையும் பெண் மீதான ஈர்ப்பையும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளாக வைக்காமல் தனித்தனி அச்சுகளாகப் போட்டார். அப்படிப் போட்டதும் இரண்டும் குறைவாக இருக்கும் ஒரு மூலை வரைபடத்தில் கிடைத்தது, அங்கே நாம். 1948-ல் பாலியல் ஆய்வாளர் கின்சி எதிர்பால் ஈர்ப்பு முதல் தன்பால் ஈர்ப்பு வரைக்கும் 0 முதல் 6 வரை அளவுகோல் போட்டபோது நம்மைப் போன்றவர்களை அந்தக் கோட்டில் எங்கேயும் வைக்க முடியாமல் 'எக்ஸ்' என்று வெளியே ஒதுக்கிவைத்தார். 32 வருடத்தில் எக்ஸிலிருந்து ஒரு மூலைக்கு வந்தோம்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. அந்தோணி போகார்ட் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் எடுத்த கணக்கில், சுமார் 1 சதவீதம் பேர் தங்களுக்கு யார் மீதும் பாலியல் ஈர்ப்பு வந்ததே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த 1 சதவீதத்திலும் கணிசமான பேர் திருமணம் செய்தோ சேர்ந்து வாழ்ந்தோ இருந்தவர்கள். ஆக காதலிக்கிற அசெக்சுவல் என்பது நீங்கள் கண்டுபிடித்த விசித்திரம் இல்லை.

ஓரத்து_இருக்கை எழுதியது:

நான் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். எனக்குக் காமமும் இல்லை, காதலும் இல்லை. ஏரோ-ஏஸ் என்பார்கள்: காதல் வராதவர் ஏரோ, அசெக்சுவல் என்பதன் சுருக்கம் ஏஸ். இந்த இழையில் "எங்களுக்கும் காதல் வரும்" என்று எல்லோரும் சொல்வது சந்தோஷம்தான், ஆனால் "எங்களுக்கும் காதல் வரும், ஆகவே நாங்களும் மனுஷங்கதான்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு வலிக்கும். காதல் வராத நானும் மனுஷன்தான்.

ஏழு வருடமாக ஒரு நண்பரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். காதலர்கள் இல்லை, வெறும் அறைத் தோழர்களும் இல்லை. எங்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு, ஒரே எதிர்காலத் திட்டம், வேலை மாற்றம் வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு. இதை க்வியர்பிளேட்டோனிக் உறவு என்கிறார்கள், எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, நான் "என் ஆள்" என்று மட்டும் சொல்வேன்.

போன வருடம் அவருக்கு அவசரமாக ஒரு அறுவை சிகிச்சை. படிவத்தில் "நோயாளிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். நண்பர் என்று எழுதினால் உள்ளே விடமாட்டார்கள், அண்ணன் என்று எழுதினால் பொய். கடைசியில் நண்பர் என்றுதான் எழுதினேன், வெளி நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தார்கள். இரண்டு வருடமாக அவரோடு பேசாத ஒரு உறவினர் வந்தார், நேராக உள்ளே போனார். எனக்கு ஈர்ப்பு இல்லை என்பதில் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தக் கட்டத்தில் எழுத ஒரு சொல் இல்லை என்பதுதான் வருத்தம்.

புதுவாசகன்_09 எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் தங்கை இப்படித்தான் சொல்கிறாள். இது ஹார்மோன் குறைபாடாக இருக்க வாய்ப்பு இல்லையா? சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டாமா?

தாழ்வாரம் எழுதியது:

@புதுவாசகன்_09, நான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன், என்னைத் தேடி இதே கேள்வியோடு நிறையக் குடும்பங்கள் வந்திருக்கின்றன.

உங்கள் தங்கைக்கு முன்பு இருந்த ஆசை திடீரென்று போய்விட்டது, அது அவளையே வருத்துகிறது என்றால் டாக்டரைப் பார்ப்பதில் தவறில்லை. தைராய்டு, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகள், இவையெல்லாம் பாலியல் வேட்கையைக் குறைக்கும். ஆனால் எப்போதுமே இப்படித்தான், அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்றால் குணப்படுத்த அங்கே எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டிலேயே இது இருக்கிறது. ஒருவர் தன்னை அசெக்சுவல் என்று அடையாளப்படுத்திக்கொண்டு, ஆசை இல்லாததற்கு அதுவே காரணம் என்றால், அவருக்குப் பாலியல் விருப்பக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது.

வேட்கை வேறு, ஈர்ப்பு வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். உடலில் வேட்கை எழும், அது யாரையும் நோக்கிப் போகாது, அப்படி இருக்கும் அசெக்சுவல்கள் நிறையப் பேர். லோரி பிராட்டோவும் மொராக் யூலும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அசெக்சுவல் பெண்களின் உடல் பாலியல் தூண்டலுக்கு மற்ற பெண்களின் உடலைப் போலவேதான் எதிர்வினை காட்டியது. உடல் கெட்டுப்போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சின்ன வயதில் நடந்ததைப் பற்றி: சிலருக்கு நடந்திருக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு எதுவும் நடந்திருக்காது. நடந்திருந்தாலும், ஒருவர் இன்று தன்னை எப்படி உணர்கிறார் என்பது அதனால் பொய்யாகிவிடாது. தங்கையிடம் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். "இதனால உனக்கு எங்கேயாவது கஷ்டமா இருக்கா" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

என் கதை இரண்டுக்கும் நடுவில். டெமிசெக்சுவல், சுருக்கமாக டெமி: மனதளவில் ஆழமாக நெருங்கிய பிறகுதான் ஒருவர் மீது பாலியல் ஈர்ப்பு வரும், அதுவும் வந்தால்தான். 33 வயது வரைக்கும் ஒருவர் மீதும் எதுவும் இல்லை. அப்புறம் நாலு வருடமாகக் கூடவே வேலை பார்த்த ஒருத்தி, அவள் அப்பா இறந்த சமயத்தில் தினமும் ராத்திரி போனில் பேசுவோம், பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை வைக்காமல் அப்படியே அவரவர் வேலையைப் பார்ப்போம். ஒரு நாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தபோது உடம்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவரை மற்றவர்கள் சொன்னது எல்லாம் மிகை என்று நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் புரிந்தது அவர்கள் உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று.

"எல்லாருமே அப்படித்தானே, பழகினால்தானே ஆசை வரும்" என்று உடனே ஒருவர் வருவார், அவருக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: பழகிய பிறகுதான் படுக்கையைப் பகிர்வேன் என்று முடிவெடுப்பது வேறு. அவர்களுக்குத் தெருவில் போகிற அழகான முகத்தைப் பார்த்தால் ஈர்ப்பு வருகிறது, வந்த பிறகு காத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஈர்ப்பே வராது. காத்திருக்க ஒன்றும் இல்லை. டெமி என்கிற இந்தச் சொல் 2006-ல் அசெக்சுவல்களுக்கான ஏவென் இணைய மன்றத்தில் யாரோ ஒருவர் தன் நிலையைச் சொல்ல முயன்றபோது பிறந்தது. டேவிட் ஜே என்ற கல்லூரி மாணவர் 2001-ல் ஆரம்பித்த தளம் அது. ஆராய்ச்சியாளர்கள் யாரும் உருவாக்கித் தரவில்லை, நம்மைப் போலத் தவித்தவர்கள் உட்கார்ந்து தட்டிய சொல்.

மூன்றாம்_படி எழுதியது:

நான் ஆண், எனக்கு ஆண்கள் மீதுதான் காதல் வரும், பாலியல் ஈர்ப்பு யார் மீதும் இல்லை. ஹோமோரொமான்டிக் ஏஸ். வீட்டில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதலில் ஆண்கள் மீதுதான் காதல் என்று, அப்புறம் காமம் இல்லை என்று. முதல் தடவை அக்கா அழுதாள். இரண்டாம் தடவை, "அது இல்லைன்னா அப்புறம் எதுக்கு ஆம்பளை, ஒரு பொண்ணைக் கட்டிக்க வேண்டியதுதானே" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் காதல் என்பது எந்த ஆளை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்கிற காலியிடமா? எனக்கு ஒரு ஆணின் குரலைக் கேட்டால்தான் வயிற்றில் ஏதோ புரள்கிறது. அவரோடு படுக்கத் தோன்றவில்லை என்பதால் அந்தப் புரளல் பொய்யாகிவிடுமா?

இன்னொரு விஷயம். வெளியே "எல்லாம் காமத்துக்காக" என்று திட்டு, கே நண்பர்கள் நடுவே "காமம் இல்லாத நீ எதுக்கு இங்கே" என்று கேள்வி. இரண்டு வாசலிலும் நின்று விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வெண்பட்டை எழுதியது:

நான் அசெக்சுவல் கிடையாது. என் மனைவி ஏஸ். ஒன்பது வருடத் திருமணம். எங்கள் பக்கத்தையும் யாராவது எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதல் நாலு வருடம் நரகம், அவளுக்கும்தான். அவள் நகர்ந்து படுத்தால் நான் அசிங்கமாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்வேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சரி என்பாள். அந்தச் சரி சம்மதம் ஆகாது என்று எனக்குப் புரியவே நாலு வருடம் ஆனது, இதை எழுதும்போதுகூட நெஞ்சு அடைக்கிறது. அவளுக்கும் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாது, தன்னிடம் ஏதோ உடைந்திருக்கிறது என்றே நினைத்திருந்தாள். ஒரு நாள் அவளே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு சமையலறை வாசலில் நின்று, "உன் மேல மட்டும் ஆசை இல்லைன்னு இல்ல, யார் மேலயும் அந்த ஆசை எனக்கு வந்ததே இல்ல" என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். ரொம்ப நேரம் கழித்து வந்தது நிம்மதி. என்னை அவள் ஒதுக்கவில்லை!

இப்போது எப்படி என்றால்: கேட்பதற்கும் மறுப்பதற்கும் பயம் இல்லை. எப்போதாவது அவள் தானாக வருவாள். அவளுக்கு அதில் ஈர்ப்பு இல்லை, ஆனால் நெருக்கம் பிடிக்கும், எனக்குக் கொடுக்கப் பிடிக்கும் என்கிறாள். பல மாதம் வரமாட்டாள். தினமும் ராத்திரி இருபது நிமிடம் என் முதுகில் விரலால் ஏதாவது எழுதுவாள், நான் என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். எங்களைப் போலவே அன்பாக இருந்த ஒரு ஜோடி, இருவருக்கும் தேவை வேறு என்று பேசி மரியாதையாகப் பிரிந்தார்கள், அதுவும் சரியான முடிவுதான். வெளி உறவுக்கு ஒப்புக்கொண்டு நன்றாக இருக்கும் ஜோடியும் உண்டு. ஏஸ் கொடியில் கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா என்று நாலு பட்டை, 2010-ல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. வெள்ளை எங்களைப் போன்ற துணைகளுக்கும் கூட நிற்பவர்களுக்கும். என் பெயர் அதிலிருந்து வந்ததுதான், அதற்காகச் சொன்னேன்.

ஈரமணல் எழுதியது:

எல்லோரும் ஈர்ப்பை வகை பிரித்துப் பேசுகிறீர்கள். எனக்கு அது முடிவதில்லை, அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு தோழி மீது எனக்கு இருப்பது காதலா நட்பா என்று பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பட்டியல் போட்டுப் பார்த்தேன், கேள்வித்தாள் நிரப்பினேன். எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. அசெக்சுவல் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை, மற்றதில் கோடு போட வராது, அவ்வளவுதான். இந்தப் பிரிப்பு சிலருக்குச் சாவி, எனக்கு அது இன்னொரு பரீட்சை. புதிதாக வருகிறவர்களிடம் "உன் ரொமான்டிக் ஓரியன்டேஷன் என்ன, யார் மேல காதல் வரும்" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

நிழல்குடை எழுதியது:

@ஈரமணல், ஒப்புக்கொள்கிறேன். நான் அதை எல்லோருக்கும் பொருந்தும் வரைபடம் போல எழுதிவிட்டேன். ஸ்டார்ம்ஸின் மூலைகூட அப்படித்தான், டெமி அதில் எங்கே உட்காருவார்? இடம் இல்லை.

செம்பருத்தி_மொட்டு எழுதியது:

தமிழில் பேசும்போது ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பழைய தமிழில் காமம் என்றால் காதலும் சேர்த்துத்தான், குறளின் மூன்றாம் பாலுக்குக் காமத்துப்பால் என்றே பெயர். இன்றைக்குக் காதல் என்றால் மேலே, காமம் என்றால் கீழே என்று பிரித்துவிட்டோம். அதனால் நான் ஏஸ் என்று சொன்னதும் "ஆஹா, தூய காதல்" என்று புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி வேண்டாம். நான் எதையும் அடக்கவில்லை, துறக்கவும் இல்லை. துறவிக்கு ஆசை இருந்து அதை விடுகிறார், எனக்கு விட ஒன்றும் இல்லை. என்னைப் புனிதமாக்கினால் ஆசை இருக்கிற என் தோழி அசிங்கம் என்று ஆகிவிடும், அது பெரிய அநியாயம்.

@ஓரத்து_இருக்கை, நேரிலேயே பார்க்காமல் கோப்பெருஞ்சோழனோடு சேர்ந்து உயிர் விடப் போன பிசிராந்தையாரை நினைத்துக்கொண்டேன். அவர்களை ஏஸ் என்று நான் சொல்லவில்லை, இரண்டாயிரம் வருடம் கழித்து யாருக்கும் பெயர் ஒட்ட முடியாது. ஆனால் நட்பை வாழ்க்கையின் மையத்தில் வைப்பது நம் மொழிக்குப் புதிதில்லை.

ஓரத்து_இருக்கை எழுதியது:

அந்தச் சோழன் தனக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். படிவத்தில் கட்டம் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு என் ஆளுக்குக் காட்டினேன், இரண்டு பேரும் அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கிறோம், மருத்துவ முடிவுகளுக்கு ஒருவரை ஒருவர் நியமித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்க.

மழைக்காகிதம் எழுதியது:

ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். வெண்பட்டை, உங்கள் பதிவை அவருக்கும் அனுப்பினேன். பதிலே வரவில்லை, ஒரு நாள் முழுக்க. நான் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நேற்று நேரில் வந்தார். "கடிகாரச் சத்தம் கேட்கும்னு நீ எழுதியிருந்தது என்னைப் பத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. அப்புறம், "இனிமே அது கேட்க ஆரம்பிச்சா சொல்லு, அங்கேயே நிறுத்திடலாம்" என்றார். தனக்கு அந்த நெருக்கம் வேண்டும், அது இல்லாமல் எவ்வளவு நாள் முடியும் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். எனக்கும் தெரியவில்லை என்றேன். இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் முழு உண்மை பேசியது நேற்றுதான்.

அவர் கிளம்பும்போது வலது கை ஒரு மடிப்பு குறைவாக இருந்தது. நான் சரி செய்துவிட்டேன்.